யார் முதலில் கை தூக்குவது

சான் லூயிஸ், சான் ஆண்ட்ரஸ் தீவு
1988 ஏப்ரல் 6

லெமுவேல் அண்ணனுக்கு வெர்னா எழுதுவது.

பிஷப்பைக் குத்திக் கொன்றது நீதானாமே. நேற்றைய விமானத்தில் வந்த டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலில் சிரித்தேன், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறகு அடிவயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது. மெர்சி அத்தை ஓடிவந்து என்னை இடப்பக்கமாகப் புரட்டிப் போட்டு, "சிரிக்கவும் கூடாது, அழவும் கூடாதுன்னு டாக்டர் சொன்னா, நீ ரெண்டையும் சேத்து வச்சுப் பண்றே" என்று திட்டினாள்.

அண்ணா, பிஷப் ஒரு கிழட்டுக் களவா மீன். என் வீட்டுக்காரர் டெல்பர்ட் அதற்குக் கையில் ஊட்டி ஊட்டிப் பழக்கி வைத்திருந்தார். கனடாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வருகிறவர்கள் அதைப் பார்க்கவென்றே அவரோடு கடலுக்குள் இறங்கினார்கள். அதைக் குத்தியதோடு விட்டாயா? தேங்காய்ப்பாலில் போட்டு, மரவள்ளியும் வாழைக்காயும் வெட்டிப் போட்டு, பக்கத்து வீட்டு மிஸ் லூசிந்தா கையில் கொடுத்தனுப்பி என் புருஷனையே தின்ன வைத்திருக்கிறாய். அவரும் சட்டியை வழித்துத் தின்றுவிட்டு, "இப்படி ஒரு மீன் தின்னு எத்தனை நாளாச்சு" என்றாராம். விஷயம் தெரிந்ததும் கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தாராம். ஊரே வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்ததாம்.

அவர் செய்ததும் தப்புதான். யாரோ ஒரு வெள்ளைக்காரி உன் மீன்கூட்டுக்குள் கிளிமீன் மாட்டித் தவித்ததைப் பார்த்து அழுதாள் என்பதற்காக, உன் கூடுகள் அத்தனையின் கயிற்றையும் அறுத்துக் கதவுகளையும் திறந்து விட்டது பெரிய தப்பு. அவர் முகத்துக்கு நேரே அதைச் சொன்னேன். "உங்க அண்ணனுக்கு வக்காலத்தா?" என்று கேட்டார். உன்னிடம் அவருக்காகப் பேசினால் நீயும் அதையேதான் கேட்கிறாய்.

பேர் தெரியாத படகு எதிரே வந்தால்கூடக் கை தூக்குகிற ஊர் நம்முடையது. கை தூக்காமல் போனால் பகை என்று பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் போகிறீர்கள் வருகிறீர்கள் என்று இந்தத் தீவு வரைக்கும் பேச்சு வந்துவிட்டது.

அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. எனக்கென்று இருக்கிற ஆண்பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேர்தான். பிள்ளையைப் பெற்றுத் தூக்கிக்கொண்டு நான் விமானத்தை விட்டு இறங்கும்போது இரண்டு பேரும் ஒன்றாக வந்து நிற்கவேண்டும். வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை. நீ மூத்தவன், முதலில் நீ கை தூக்கு.

வெர்னா

*

பாட்டம் ஹவுஸ், பிராவிடென்ஸ் தீவு
ஏப்ரல் 12

தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிரித்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரிக்காக மீதி எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்.

மீனைப் பார்ப்பதற்காக இத்தனை தூரம் வருகிற ஜனத்தை நீ வேறெங்காவது கண்டிருக்கிறாயா? இங்கே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால் "அமைதி" என்கிறார்கள். அமைதி வேண்டுமென்றால் அவரவர் ஊர்க் கல்லறையில் போய்ப் படுக்கலாமே, டிக்கெட் எதற்கு? இப்போது மலையிலிருந்து கறுப்பு நண்டு இறங்குகிற காலம். ரோட்டை மூடிவிட்டார்கள். ஒரு ஜெர்மன் புருஷனும் பெண்டாட்டியும் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் குந்தியிருந்து, நண்டு கடக்கக் கடக்கக் கைதட்டுகிறார்கள். உன் புருஷன் பக்கத்தில் நின்று, "பாவம், அது முட்டை விடக் கடலுக்குப் போகுது" என்று பாடம் எடுக்கிறான். அவன் ஆத்தாள் அந்த நண்டைக் கூடைகூடையாகப் பிடித்து ஓடு உடைத்து விற்றுத்தான் அவனை வளர்த்தாள். அதை ஏன் அவர்களிடம் சொல்லவில்லை என்று கேள்.

பிஷப் ருசியாக இருந்தது. நானும் ஒரு துண்டு தின்றேன். என் கூட்டைத் திறந்து என் மீனை விட்டவன், தன் மீனைத் தானே தின்றான். சரிக்குச் சரி.

கை தூக்கு என்கிறாய். நீ அறியாத ஒன்று சொல்கிறேன். அறுபட்ட கூடுகளைத் தேடி மூச்சடக்கி முங்கி முங்கி என் காதிலிருந்து ரத்தம் வந்த அன்றைக்கு, அவன் படகு பக்கத்தில் வந்தது. அவன்தான் அறுத்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் கை தூக்கினேன், வெர்னா. அவன் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, அந்த வெள்ளைக்காரி பக்கம் திரும்பிக்கொண்டான். என் கை அந்தரத்தில் நின்றது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். "என்ன லெமி, மழை வருதான்னு பாக்குறியா?" என்று ஆல்பன் கேட்டான். இன்று வரை அதைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறான்.

இனி அவன் தூக்கட்டும். மலையை விட்டு நண்டு இறங்கலாம், நான் இறங்கமாட்டேன்.

நீ படுக்கையில் கிடப்பதற்கும் என்னைக் குற்றம் சொல்லாதே. முன்னால் இரண்டு தங்காமல் போனதே, அது எந்த வீட்டு ராசி? நம் வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் அப்படி ஆனதில்லை. அவனைக் கட்டாதே என்று நான் சொன்னபோது நீ கேட்டாயா?

உடம்பைப் பார்த்துக்கொள். மரவள்ளி அப்பம் சுட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

லெமுவேல்

*

சான் லூயிஸ்
ஏப்ரல் 18

அண்ணா,

அந்தக் கடைசி வரிகளைப் படித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அத்தை துண்டுகளைப் பொறுக்கி, "உங்கண்ணன் என்ன எழுதிட்டான் அப்படி?" என்று கேட்டாள். சொல்லவில்லை. சொன்னால் அவள் உன்னைச் சாகும்வரை மன்னிக்கமாட்டாள். நானும் மன்னிக்கவில்லை, வேறு அண்ணன் இல்லாததால் எழுதுகிறேன். போன இரண்டு பிள்ளைகளையும் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தது நீதான். அதே கையால் இதை எழுத உனக்கு எப்படி வந்தது?

அப்பம் வந்தது. தின்றேன். பசிக்கு மானம் இல்லை.

நீ கை தூக்கி அவர் பார்க்காமல் போனது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே அவரை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். அவருக்கும் இன்றைக்கு எழுதியிருக்கிறேன். என்ன எழுதினேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன். உன்னை எனக்குத் தெரியும். வாய்தான் முள்ளு, எதிராளி ஒரு படி இறங்கினால் நீ ஒன்பது படி உருண்டு வந்துவிடுவாய்.

அவர் கை தூக்கினால் நீயும் தூக்குவாய்தானே? அதற்கு மட்டும் பதில் எழுது. வேறு புத்திமதி வேண்டாம்.

வெர்னா

*

பாட்டம் ஹவுஸ்
ஏப்ரல் 26, பொழுது சாயும் நேரம்

என் அருமைத் தங்கச்சி,

உட்கார்ந்திருந்தால் படுத்துக்கொள், படுத்திருந்தால் எதையாவது பிடித்துக்கொள். உன் புருஷன் கை தூக்கிவிட்டான்!

இன்றைக்கு மத்தியானம் வடக்குப் பக்கம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். அவன் படகு தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றது. படகில் யாரையும் காணோம். சரி, விருந்தாளிகள் கீழே இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பார்த்தால், படகை விட்டு வெகுதூரம் தள்ளி, பவளப்பாரின் வெளி விளிம்பில் ஒரு தலை. இவன்தான். முகக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு மிதக்கிறான். என் படகைக் கண்டதும் கையை உயர்த்தினான் பார்! அரைகுறையாக இல்லை, முழங்கை மடங்காமல், முழுக் கையையும். ஏதோ கத்தவும் செய்தான், எஞ்சின் சத்தத்தில் காதில் விழவில்லை. "மச்சான்" என்றுதான் கத்தியிருப்பான்.

உன்னிடம் பொய் சொல்வானேன், என் கையும் பாதி எழும்பியது. அப்போதுதான் ஆல்பன் சொன்னது ஞாபகம் வந்தது, மழை வருதான்னு பாக்குறியா என்று. கையைக் கீழே போட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எஞ்சினைக் கூட்டினேன். முனையைத் திரும்பும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன், இன்னும் இறக்கவில்லை. நீ விட்ட டோஸ் அப்படி! என்னடி எழுதினாய் அவனுக்கு?

ஒரே ஒரு நாள். அந்தரத்தில் கை நின்றால் எப்படி இருக்கும் என்று அவனும் ஒரு நாள் தெரிந்துகொள்ளட்டும். கடையில் இப்போதுதான் எல்லோருக்கும் சொல்லிவிட்டு வந்தேன், ஆல்பன் முகத்தில் ஈயாடவில்லை. நாளைக்கு நண்டு சூப் வைத்து எடுத்துக்கொண்டு நானே அவன் வீட்டு வாசலில் போய் நிற்பேன். சத்தியமாக நண்டுதான், வேறு எதுவும் இல்லை.

நீ பிள்ளையோடு வா. இரண்டு பேரும் நிற்போம். விடிந்ததும் விமானத்துக்குப் போகிற பாஸ்டர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அண்ணன் லெமி

*

பாட்டம் ஹவுஸ்
மே 1

வெர்னா,

போனில் அத்தையிடம் சொன்னதற்கு மேல் என்ன எழுத. நீ பிள்ளை பெற்றுவிட்டாய், ஆண்பிள்ளை, இரண்டு உயிரும் நலம் என்று கேட்டேன். கடவுள் ஒரு கையால் அடித்து மறு கையால் கொடுத்திருக்கிறார்.

மச்சானை நேற்று அடக்கம் செய்தோம். நீ வரும்வரை வைத்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோயில் கொள்ளவில்லை. லேசி ஹில்லிலிருந்து ஓல்ட் டவுன் வரைக்கும் எல்லோரும் வந்தார்கள். அந்த ஜெர்மன்காரி முன் வரிசையில் உட்கார்ந்து அழுதாள். குழி வெட்ட நான்தான் முதல் மண் எடுத்தேன்.

நீ ஊரில் இல்லாததால் அவன் ராத்திரி வீட்டுக்கு வராதது யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை அந்த ஜெர்மன்காரர்கள் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் தேட ஆரம்பித்தோம். படகு நின்ற இடத்தில் எல்லோரும் முங்கித் தேடினோம். அன்று முழுக்க அங்கேயேதான். அதற்கு அடுத்த நாள் கிழக்கே, பாருக்கு வெகு வெளியே, நான் கண்டேன். மிதவைச் சட்டை போட்டபடியே இருந்தான். நானே என் படகில் ஏற்றிக் கொண்டுவந்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. ஊரில் எல்லோரும், "பகையா இருந்தாலும் லெமி மாதிரி தேடுனவன் இல்லை" என்கிறார்கள்.

பாஸ்டர் கையில் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினேன். அது உன் கைக்கு வந்ததா? வந்திருக்காவிட்டால் நல்லது. வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போடு. குடித்துவிட்டுக் கிறுக்கியது, அதில் ஒன்றும் இல்லை.

லெமுவேல்

*

சான் ஆண்ட்ரஸ், ஆஸ்பத்திரி
மே 5

லெமுவேல் நியூபாலுக்கு,

இப்போது மச்சானா? உயிரோடு இருந்தவரை "உன் புருஷன்", "அவன்". மண்ணுக்குள் போனபிறகு முறை வைத்துக் கூப்பிடுகிறாய். அவர் காதில் விழாது, மிச்சம் பிடித்து வைத்துக்கொள்.

உன் கடிதம் வந்தது. பாஸ்டர் பைபிளுக்குள் வைத்து மறந்துவிட்டு, நேற்று ஜெபம் பண்ண வந்தவர் எனக்காகப் பைபிளைத் திறந்தபோது விழுந்தது. "அண்ணன் ஆறுதலா எழுதியிருப்பான், படிம்மா" என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

உனக்கு ஒன்று கற்றுத் தருகிறேன், கேட்டுக்கொள். கல்யாணமான முதல் மாதத்தில் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. கடலுக்குள் முங்கப் போகிற ஒவ்வொரு வெளியூர்க்காரருக்கும், கரையிலேயே நிற்க வைத்து முதலில் சொல்லிக் கொடுப்பது. தண்ணீரில் இருக்கிறவன் ஒற்றைக் கையை நிமிர்த்தி உயர்த்தினால், அது வணக்கமும் இல்லை, சமாதானமும் இல்லை. "எனக்கு ஆபத்து, வந்து தூக்கு" என்று அர்த்தம். ஜெர்மன்காரிக்குத் தெரியும். கனடாக்காரனுக்குத் தெரியும். கடலிலேயே பிறந்து வளர்ந்த உனக்குத் தெரியாது, ஏனென்றால் உன் தங்கை புருஷனிடம் ஒரு வார்த்தை கற்றுக்கொண்டால் உனக்குக் கௌரவம் குறைந்துவிடும்.

அவருக்கும் புத்தி இல்லை. இந்த ஊரில் கை தூக்கினால் என்னவென்று எடுத்துக்கொள்வார்கள் என்பதை அவரும் மறந்துவிட்டார். ஆபத்தில் இருக்கிறவனுக்கு யோசிக்க நேரம் இருக்காது. உனக்கு இருந்தது. என் கையும் பாதி எழும்பியது என்று எழுதியிருக்கிறாய்.

எனக்கு இதற்கெல்லாம் பதில் வேண்டும். உள்ளங்கை விரிந்திருந்ததா, மூடியிருந்ததா? கையை ஆட்டினாரா? தலை தண்ணீருக்குள் போய்ப் போய் வந்ததா? கத்தினார் என்கிறாய், எத்தனை முறை வாய் திறந்தது? ஒன்றையும் விடாமல் எழுது. கடையில் எல்லோருக்கும் சொன்னாயே, அதே சுவையோடு எனக்கும் சொல்.

வெர்னா ஹாக்கின்ஸ்

*

பாட்டம் ஹவுஸ்
மே 9

வெர்னா,

அது அத்தனையும் பொய். உன் பேச்சுக்கு அவன் இறங்கி வந்துவிட்டான் என்று எழுதினால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும், பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும் என்று நினைத்து நானாகக் கட்டி எழுதினேன். அன்றைக்கு நான் வடக்குப் பக்கமே போகவில்லை. கடையில் சொன்னதும் வீம்புக்குச் சொன்னது. யாரை வேண்டுமானாலும் கேள்.

பச்சை உடம்புக்காரி, இப்படியெல்லாம் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, பால் வற்றிவிடும்.

லெமுவேல்

*

சான் லூயிஸ்
மே 13

பால் ஏற்கெனவே வற்றிவிட்டது. அத்தை டப்பா மாவு கரைத்துப் புட்டியில் கொடுக்கிறாள்.

நீ வடக்கே போகவே இல்லையென்றால், மறுநாள் காலை அவர் படகு நின்ற இடத்துக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனது யார்? ஆல்பன் பெண்டாட்டி அத்தைக்குப் போன் பண்ணி, "லெமி கையைக் காட்டித்தான் எல்லாரும் போனாங்க, லெமி இல்லேன்னா படகைக்கூடக் கண்டுபிடிச்சிருக்க மாட்டோம்" என்று உன்னைப் புகழ்ந்து தள்ளினாள்.

படகைக் காட்டினாய். படகுக்கு வெகுதூரத்தில், வெளி விளிம்பில், அவர் தலையைப் பார்த்தாயே, அந்த இடத்தைக் காட்டினாயா? அங்கிருந்து நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று உன்னைவிடத் தெரிந்தவன் அந்தத் தீவில் இல்லை. ஊரையே ஒரு நாள் முழுக்க வெறும் படகுக்குக் கீழே முங்க வைத்திருக்கிறாய்.

டாக்டர் சொன்னதை நீ எனக்கு எழுதவில்லை. ஆல்பன் பெண்டாட்டிதான் சொன்னாள், எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துக்கொண்டு. அவர் அன்றைக்குச் சாகவில்லையாமே. மறுநாள் வெயில் உச்சிக்கு ஏறும்வரை உயிர் இருந்திருக்குமாம். உதடெல்லாம் வெடித்துப் போயிருந்ததாம்.

நீ அவரை இரண்டு நாள் கொன்றாய், அண்ணா.

வெர்னா

*

பாட்டம் ஹவுஸ்
மே 19

வெர்னா,

சரி. பார்த்தேன். உள்ளங்கை விரிந்திருந்தது. ஆட்டவில்லை. எத்தனை முறை கத்தினான் என்று எண்ணவில்லை. போதுமா?

காலையில் அவனைக் காணோம் என்று சொன்னதுமே எனக்கு விளங்கிவிட்டது, எந்தப் பக்கம் போயிருப்பான் என்று. சொல்ல வாயெடுத்தேன். முன்னால் ஆல்பன் நிற்கிறான், கடையில் நான் சொன்னதைப் படகிலிருந்து கை தூக்கியதாகவே எடுத்துக்கொண்டவன். இடத்தைச் சொன்னால், "அவ்வளவு தூரத்துல தனியா மிதந்தவனைப் பாத்துட்டா வந்தே?" என்று கேட்பான். கொஞ்ச நேரம் படகுக்குக் கீழே தேடட்டும், அப்புறம் நானே தனியாக அந்தப் பக்கம் போய்க் கொண்டுவந்துவிடுகிறேன் என்று நினைத்தேன். ஒருவரும் என்னைத் தனியாக விடவில்லை. எல்லோரும் என்னையே கேட்டுக் கேட்டு முங்கினார்கள். பிறகு பொழுது போய்விட்டது. இதுதான் நடந்தது. கொலைகாரன் என்று ஊரில் தண்டோரா போடு, தடுக்கமாட்டேன்.

ஆனால் போடுவதற்கு முன்னால் இதையும் கேள். நீ கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொல்லிவிட்டேன், இப்போது என் முறை.

நேற்று வடக்குப் பாருக்குப் போனேன். அறுந்து போனவை என்று நான் கைவிட்ட கூடுகள் கிடக்கிற இடத்தில் புது மிதவைகள் ஆடிக்கொண்டிருந்தன. தேடிய அன்றைக்கும் கண்ணில் பட்டவைதான், யாருடையதோ என்று விட்டுவிட்டேன். தூக்கினேன். புதுக் கயிறு. இழையோடு இழை பின்னிய கப்பல்காரன் முடிச்சு. இந்தத் தீவில் அதைப் போடத் தெரிந்தவன் ஒருத்தன்தான். கதவுகளையும் கம்பி போட்டுக் கட்டியிருந்தான். யாரும் தூக்க வராததால் உள்ளே மாட்டிய மீன் எல்லாம் செத்து ஊறிக் கிடந்தது. கடைசிக் கூட்டை முங்கிப் பார்த்தேன், அதில் பின்னல் பாதியில் நிற்கிறது. பின்னிக்கொண்டிருக்கும்போதுதான் நீரோட்டம் பிடுங்கியிருக்கிறது.

"தனியா எறங்குறவன் முட்டாள்" என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்கிறவன், துணைக்கு ஒரு நாயைக்கூடக் கூட்டிக்கொள்ளாமல் அந்தப் பாரில் இறங்கியிருக்கிறான். அன்றைக்கு அவனுக்கு விருந்தாளிகளே இல்லை, ஜெர்மன்காரர்களிடம் விசாரித்தேன். "இன்னைக்கு எனக்கு ஒரு சொந்த வேலை இருக்கு" என்றானாம். யார் கொடுத்த வேலை அது? யாருக்கும் தெரியாமல் செய் என்று சொன்னது யார்? "என்ன எழுதினேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன்" என்று எழுதினாயே. இப்போது சொல்.

அவன் கையை நான் பார்க்காமல் போனேன். அந்த இடத்துக்கு அவனை அனுப்பியது நான் இல்லை.

லெமுவேல்

*

சான் லூயிஸ்
மே 25

அண்ணா,

ஆமாம், நான்தான்.

"அறுத்தது நீங்கள், நீங்களே கட்டிக் கொடுங்கள். ஒருவரையும் துணைக்குக் கூப்பிடாதீர்கள், கூப்பிட்டால் பொழுதுசாய்வதற்குள் ஊருக்குத் தெரிந்து, பிறகு அண்ணனுக்கு அது அவமானமாகிவிடும். ஒரு நாள் காலையில் அவன் பாட்டுக்குப் போய்ப் பார்த்துத் திகைத்து நிற்கட்டும்." இப்படித்தான் எழுதினேன். எழுதும்போது உன் முகம் எப்படி ஆகும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எழுதினேன். மாட்டேன் என்று அவர் பதில் எழுதினார், அந்தப் பக்கம் நீரோட்டம் மோசம் என்றார். திரும்பவும் எழுதினேன், எங்கள் அண்ணனுக்குப் பயந்துகொண்டு சாக்குச் சொல்கிறீர்களா என்று. அதற்குப் பிறகுதான் போனார். இதையும் நீ கேட்காமலே சொல்லிவிட்டேன், வைத்துக்கொள்.

அத்தையிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "லெமிதான் பாவம், தேடித் தேடி எளைச்சுப் போயிட்டானாம்" என்று அவள் கண்ணைத் துடைத்தாள். வாயை மூடிக்கொண்டேன். நீ செய்ததைச் சொன்னால் நான் செய்ததையும் சொல்லவேண்டும். அவருடைய அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறாள்.

அதனால் திரும்பி வருகிறேன். இங்கே இருந்தால் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள், எனக்குக் குமட்டுகிறது. நான் யார் என்று தெரிந்த ஒரே ஆள் நீ. நீ யார் என்று தெரிந்த ஒரே ஆள் நான். பாட்டம் ஹவுஸ் வீட்டில் அம்மாவின் அறையைச் சுத்தம் பண்ணி வை. அவருடைய படகையும் காற்றுச் சிலிண்டர்களையும் விற்றுவிடாதே. டிசம்பர் வரை ஆட்கள் வருவதாக எழுதியிருக்கிறார்கள், வேண்டாமென்று நான் ஒருவருக்கும் எழுதப்போவதில்லை. நீ அவர்களைக் கூட்டிக்கொண்டு போ. சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்க நான் உனக்குச் சொல்லித் தருகிறேன். மீன்களைக் காட்டு. என்ன அமைதி, என்ன அமைதி என்று அவர்கள் சொன்னால் தலையை ஆட்டு. உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்க எனக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டும்.

இன்னொன்று. அவருடைய கடைசிக் கடிதம், கூடு கட்டப் போவதற்கு முதல் நாள் போட்டது, எனக்குப் பிரசவ வலி எடுத்திருந்தபோது வந்து சேர்ந்தது. "கட்டிக் கொடுத்துடறேன், சரியா? அதுக்கும் உங்கண்ணன் மசியலேன்னா இன்னொரு வழி இருக்கு. பையன் பொறந்தா அந்த முரடன் பேரையே வச்சிடுவோம். அப்பவாவது சிரிக்கிறானா பாக்கலாம்" என்று எழுதியிருந்தார். அவர் சொன்ன கடைசி வார்த்தை, நிறைவேற்றாமல் இருப்பேனா? பிறந்த மறுநாளே ஆஸ்பத்திரியில் பேரைப் பதிந்து, பாஸ்டரை வைத்துத் தண்ணீரும் தெளித்தாயிற்று. எல்லாம் முடிந்த பிறகுதான் பாஸ்டரின் பைபிளிலிருந்து உன் கடிதம் விழுந்தது.

மாற்றமுடியாதாம், கேட்டுப் பார்த்துவிட்டேன். பிள்ளைக்கும் அந்தச் சத்தம் பழகிவிட்டது, சொன்னால் கண்ணைத் திறந்து பார்க்கிறான். அவரையே உரித்து வைத்த மூக்கு.

வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறேன். ஒரே வீட்டில் இருக்கப் போகிறோம், ஒரு நாளைக்கு நூறு முறை நான் கூப்பிட்டாகவேண்டும். அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன். லெமுவேல் என்று நான் ஆசையாகக் கூப்பிடும்போது நீ திரும்பிப் பார்க்காதே.

வெர்னா